நசுங்காத கரை

வெள்ளேரிப்பாக்கத்துப் பெண்களுக்கு உடம்பைச் சுற்றிக் கரை முளைத்ததைப் பற்றி அந்த ஊரில் யாரிடம் கேட்டாலும், ஆமாம் முளைத்தது, அதற்கென்ன இப்போது என்பார்கள். ஏரி உடைந்த வருஷத்தையும் ஏரி நிரம்பாத வருஷத்தையும் சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டு, வந்த வேலையைப் பாருங்கள் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முதலில் யாருக்கு முளைத்தது என்பதில் மட்டும் மேட்டுத்தெருவுக்கும் குளக்கரைத் தெருவுக்கும் இன்னும் தகராறு ஓய்ந்தபாடில்லை, ஏனென்றால் அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க இரண்டு தெருவுக்கும் மனசில்லை.

ஊருக்குக் கிழக்கே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற கம்பெனியில், கையில் வைத்திருப்பவனை நாலு பேர் திரும்பிப் பார்க்கிற விலையுள்ள செல்போன்களுக்கு வெளிப்பக்கத்து ஃப்ரேம் செய்தார்கள். அலுமினியத்துக்கு ஒரு ஷெட், ஸ்டீலுக்கு ஒரு ஷெட், டைட்டானியத்துக்கு ஒரு ஷெட். மிஷின் கடைந்து, மிஷின் தேய்த்து, மிஷின் பளபளப்பாக்கி அனுப்புகிற ஃப்ரேமைக் கடைசியில் ஒரு பெண் கையில் எடுத்து, கட்டைவிரலை நாலு பக்கமும் மெதுவாக ஓட்டி, எங்காவது பிசிர் தட்டுகிறதா, எங்காவது விளிம்பு உறுத்துகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்து ஆசைப்படுகிறவன் கையால் தொட்ட பிறகுதான் வாங்குகிறான் என்று கம்பெனியில் பாடம் எடுத்திருந்தார்கள். அப்படி ஷிஃப்டு முழுக்க விரலை ஓட்டி ஓட்டி, ஒரு பங்குனி மாசத்தில், அந்தப் பெண்களுக்கும் முளைத்தது. காதுக்குப் பின்னாலிருந்து கழுத்து வழியாக இறங்கி, தோளைச் சுற்றி, கையின் வெளிப்பக்கமாகச் சுண்டுவிரல் வரைக்கும் போய்த் திரும்பி, விலா, இடுப்பு, தொடை, கணுக்கால் என்று உடம்பின் ஓரமெல்லாம் நகம் வளர்வதுபோல வலியில்லாமல் வளர்ந்தது. எந்த ஷெட்டில் வேலையோ அந்த உலோகத்தில் வளர்ந்தது.

பட்டு நெய்கிற ஊர்கள் பக்கத்திலேயே இருந்ததால் அதற்குப் பெயர் தேட யாரும் சிரமப்படவில்லை; புடவைக்குக் கரை இருக்கிறது, இதுகளுக்கும் கரை வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். டெய்லர் ஜாக்கெட்டுக்குத் தோளில் கூடுதலாகத் துணி விட்டுத் தைக்கக் கற்றுக்கொண்டார். ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் கரைக்கு உள்பக்கமாகத் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். அலுமினியப் பாத்திரம் சாமிக்கு ஆகாதே, அலுமினியத்துக்காரிகள் கோயில் தீர்த்தம் வாங்கலாமா என்று கேள்வி வந்தபோது குருக்கள் வெகுநேரம் யோசித்து, வாங்கலாம், ஆனால் கொடுக்கக் கூடாது என்று சொன்னார், எப்படியும் அவர்களை யாரும் தீர்த்தம் கொடுக்கச் சொல்லப்போவதில்லை என்பதால் அந்தத் தீர்ப்பு எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. கம்பெனி ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு, துடைத்துக்கொள்ள ஆளுக்கொரு மெத்துத்துணி மட்டும் சேர்த்துக் கொடுத்தது.

உலோகத்துக்கு உலோகம் குணம் வேறு என்பதையும் ஊர் சீக்கிரம் தெரிந்துகொண்டது. அலுமினியத்துக்காரிகள் வெயில் பட்டதும் சுட்டார்கள், நிழலுக்கு வந்ததும் குளிர்ந்தார்கள். கோபமும் அப்படித்தான், பொங்கும், அடங்கும். ஸ்டீல்காரிகள் பளபளவென்று இருந்தார்கள், கனமாக நடந்தார்கள், யார் எங்கே தொட்டாலும் விரல்ரேகை அப்படியே விழுந்து தெரிந்ததால் அவர்கள் வீட்டில் சந்தேகச் சண்டை ஓயவில்லை. டைட்டானியத்துக்காரிகள்தான் அதிசயம். மங்கலான சாம்பல் நிறம், கனமில்லை, ரேகை பதியாது, கீறல் விழாது, தொட்டால் சில்லென்றும் இருக்காது, சுடவும் சுடாது. தொடுகிறவன் கையின் சூட்டையே அவனுக்குத் திருப்பிக் கொடுக்கும், அதனால் தொடுகிறவனுக்கெல்லாம் அவள் தன்னிடம் இதமாக இருக்கிறாள் என்றே தோன்றும். தரகர்கள் ஜாதகம் கேட்பதற்கு முன்னால், பொண்ணு எந்த ஷெட்டு என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்த தேசம்மாளுக்கு இதெல்லாம் புதுசாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டினவன் லாரியில் நெல்லூருக்குப் போகிறேன் என்று போனவன் போனவன்தான். அண்டாவும் குண்டானும் தவலையும் ஜல்லிக்கரண்டியும்தான் அவளையும் அவள் மகளையும் காப்பாற்றின. கல்யாணத்துக்குப் போன பாத்திரம் திரும்பி வந்தால் தேசம்மாள் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டாள், முகர்ந்து பார்க்க மாட்டாள். வாயோரத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவாள், விரல் எங்காவது பள்ளத்தில் இறங்கினால் கொண்டுவந்தவனை நிறுத்தி வைத்து ஏழு தலைமுறைக்கும் சேர்த்து அர்ச்சனை செய்வாள், இறங்கவில்லையென்றால் நல்லபடியாக வந்தது என்று கவிழ்த்து வைத்துவிடுவாள். அவள் தொழிலில் அதற்கு மேல் ஒரு பரீட்சை கிடையாது.

மகள் யுவராணி அலுமினியம் ஷெட்டில் வேலை பார்த்தாள். கரை முளைத்த வீடுகளில் எல்லாம் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து வந்ததும் பெற்றவள் ஒருதரம் கரையைத் துடைத்துவிட்டு விரல் ஓட்டிப் பார்க்கிற வழக்கம் ஏற்பட்டிருந்தது. கை வைக்கிறது என்று அதற்குப் பெயர். தேசம்மாளுக்கு அது கைவந்த கலை. இடது தோளுக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பள்ளம், அது சூப்பர்வைசர் லைனில் எல்லார் முன்னாலும் கத்திய அன்றைக்கு விழுந்தது. இடுப்புக்கு மேலே ஒன்று, கூட வேலை செய்த சிநேகிதி சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போனதில் விழுந்தது. யுவராணி வாய் திறந்து எதையும் சொல்கிற பெண் இல்லை, ஆனால் விரல் பள்ளத்தில் இறங்கியதும், இது இன்னாடி புதுசா என்று தேசம்மாள் கேட்பாள், மகள் உதட்டைக் கடிப்பாள், பிறகு அழுவாள், அழுதபிறகு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

காதுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளம் மட்டும் எப்படி வந்தது என்று தேசம்மாள் கேட்டதே இல்லை. ஒருநாள் வெறுப்பில், "நீ வயித்துல வந்த நேரம்தான்டி ஒங்கப்பன் ஊரை வுட்டுப் போனான்" என்று சொல்லிவிட்டாள். சொல்லி வாய் மூடுவதற்குள், கீழே தவலை விழுந்ததுபோல டங்கென்று ஒரு சத்தம், மகளின் காதோரம் உள்வாங்கிவிட்டது. தேசம்மாள் பதறிப்போய்த் தேங்காயெண்ணெய் தடவினாள், வாய்க்கு வந்த சாமி பெயரெல்லாம் சொன்னாள், பள்ளம் எழும்பவில்லை. அன்றிலிருந்து மகளிடம் பேசும்போது நாக்கை நுனிப்பல்லில் பிடித்துக்கொண்டுதான் பேசுவாள். ஊரே அவள் வாய்க்குப் பயந்தது, அவள் அந்த மெல்லிசு அலுமினியத்துக்குப் பயந்தாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்து, சொஜ்ஜியைத் தின்று, மாப்பிள்ளையின் பெரியம்மாவைக் கை வைத்துப் பார்க்க அனுப்பினார்கள். பெரியம்மா விரலை ஓட்டிக்கொண்டே வந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் நின்று, த்சு என்றாள். வாசலில் செருப்பு மாட்டும்போது தேசம்மாள் காதுபடவே, "பொண்ணு நல்லா மூக்கும் முழியுமாத்தான் இருக்குது, ஆனா ரொம்ப அடிபட்டு வந்திருக்குது, நாளைக்கு நம்ம வூட்ல வாங்குனதுன்னு ஊர் சொல்லும்" என்றாள். அப்படியே இன்னொரு வரன் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. ஒவ்வொன்று போகும்போதும் யுவராணியின் கரையில் புதுசாக ஒன்று விழுந்தது, அதைப் பார்த்து அடுத்தவன் போனான்.

தேசம்மாள் ஒரு முடிவுக்கு வந்தாள். சூப்பர்வைசர் வீட்டுக் காதுகுத்துக்கு இருக்கிறதிலேயே பெரிய அண்டாக்களைத் தன் செலவில் அனுப்பிவைத்து, தானே போய்ப் பந்தியில் நின்று பரிமாறி, கை கழுவ வந்த இடத்தில் அந்த ஆளை மடக்கி, பொண்ணை டைட்டானியம் ஷெட்டுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டாள். மாற்றிவிட்டார்கள். பழைய கரை பாம்புச் சட்டைபோல உரிந்து பாயில் கிடந்தது, அடியில் சாம்பல் நிறத்தில் புதுக்கரை இருந்தது. உரிந்ததைத் தேசம்மாள் பழைய பாத்திரக்காரனிடம் மற்ற ஒடுங்கல் சாமான்களோடு போட்டுவிட்டாள், அவன் அதைக் காலால் மிதித்து மடக்கிச் சாக்கில் திணித்துக்கொண்டான்.

புதுக்கரை வந்த முதல் வெள்ளிக்கிழமை, காதிலிருந்து கணுக்கால் வரை விரலை ஓட்டிய தேசம்மாளுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது. வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போயிற்று. "இனிமே ஒனக்கு ஒரு கொறையும் இல்லடி" என்றாள்.

மாப்பிள்ளை தானாகவே தேடிக்கொண்டு வந்தான். தணிகைவேல் காஞ்சிபுரத்தில் பெரிய செல்போன் ஷோரூமில் விற்பனைக்கு நிற்பவன், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போடுபவன், பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். பெண் பார்க்க வந்த அன்றைக்கே கூடத்தில் உட்கார்ந்து மூன்று உலோகத்தையும் பற்றி ஒரு கதாகாலட்சேபமே நடத்தினான்.

"அலுமினியம் மெத்துங்க அத்த. வுழுந்தா தான் நசுங்கிக்கும், உள்ள இருக்கறதைக் காப்பாத்திரும். ஆனா பாக்க அசிங்கமா போயிரும், நாலு வாட்டி வுழுந்துச்சுன்னா யாருக்கும் கையில எடுக்கப் புடிக்காது. ஸ்டீலு கனம், பாக்கெட்டு கிழிஞ்சிரும். டைட்டானியம்னா ராஜா. நசுங்காது, கீறாது, கவரே போட வேணாம். எப்படி வேணா வெச்சுக்கலாம்."

இவ்வளவு சொன்னானே, தேசம்மாள் காதில் நசுங்காது என்ற ஒரு வார்த்தைதான் விழுந்தது. மற்றதையெல்லாம் காற்று கொண்டுபோயிற்று. தை மாசம் கல்யாணம் நடந்தது, யுவராணி வேலையை விட்டுவிட்டுக் காஞ்சிபுரம் போனாள், கரை மட்டும் அவளோடு போயிற்று.

அந்த வீட்டு மனுஷர்கள் கெட்டவர்கள் என்று சொன்னால் பொய். மாமியார் கற்பகவல்லி வெள்ளி செவ்வாய் விளக்கேற்றுகிறவள், மாமனார் அதிர்ந்து பேசாதவர். மூத்த மருமகள் அலுமினியத்துக்காரி. அவளிடம் அந்த வீடே பஞ்சு மெத்தைமேல் நடப்பதுபோல நடந்துகொண்டது, ஏனென்றால் ஒரு சொல் தடித்தால் அவள் தோளில் விழும், நாளைக்குக் கோயிலில் நாலு பேர் பார்ப்பார்கள். யுவராணியிடம் அந்தக் கவலை இல்லை. மூத்தவளிடம் விழுங்கின சொல்லையெல்லாம் இளையவளிடம் வந்து துப்பினார்கள். தணிகைவேலுக்கு ஷோரூமில் வாடிக்கையாளன் கத்தினால் வீட்டுக்கு வந்து அவளிடம் கத்தினான், கத்தியபிறகு அவள் தோளோரத்தை ஒருமுறை பார்ப்பான், ஒன்றும் விழுந்திருக்காது, அப்போ நான் அப்படியொன்றும் பெரிசாகச் சொல்லிவிடவில்லை என்று நிம்மதியாகச் சாப்பிட உட்காருவான். ஒருநாள் கை நீட்டினான். அதற்கும் ஒன்றும் விழவில்லை. சிநேகிதர்கள் வந்தால் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, "தொட்டுப் பாருங்கடா, எவ்ளோ இதமா இருக்குது" என்று கையை நீட்டச் சொல்லுவான், அவள் நீட்டுவாள், அவர்கள் தொட்டுப் பார்த்து ஆமாம் என்பார்கள்.

மற்றவர்களைச் சொல்லி என்ன, பெற்றவளே மாறிப்போனாள். நுனிப்பல்லில் பிடித்துவைத்திருந்த நாக்கைத் தேசம்மாள் விட்டுவிட்டாள். போனில் மகள் ஒருநாள் குரல் கம்மிப் பேசியபோது, "ஒன்னைக் கரையேத்த நான் நாய் படாத பாடு பட்டேன், நீ இன்னாடின்னா மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கே" என்று வாய்க்கு வந்தபடி பேசினாள். எதிர்முனையில் டங்கென்ற சத்தம் கேட்கவில்லை. கேட்காததால் இன்னும் கொஞ்சம் பேசினாள்.

ஆடி பிறந்ததும் மகளை அழைத்துவரக் காஞ்சிபுரம் போனவள், மாப்பிள்ளையிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று ஷோரூமுக்குப் போனாள். அங்கே ஒரு மனுஷர், செத்துப்போன தன் செல்போனை மேஜைமேல் வைத்துவிட்டு ஏறக்குறைய அழுதுகொண்டிருந்தார். தணிகைவேல் அதைக் கையில் எடுத்து நாலு பக்கமும் விரலை ஓட்டினான்.

"ஃப்ரேமு டைட்டானியம் சார். ஒரு சொட்டை, ஒரு பள்ளம் இல்ல. கீழ போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"போட்டேன்ப்பா. ஒரு தடவை இல்ல, பல தடவை. அதான் ஒண்ணும் ஆகலியேன்னு இருந்துட்டேன்."

அந்த மனுஷர் போனை வாங்கிக் காதோரம் வைத்து ஆட்டினார், உள்ளே என்னவோ உருண்டது. தேசம்மாள் வந்த வேலையை மறந்து வெளியே வந்துவிட்டாள். எதற்கு அப்படி வந்தாள் என்று அவளுக்கே புரியவில்லை. வெயிலில் நடந்து வந்த களைப்பு என்று நினைத்து, எதிர்க்கடையில் ஒரு மோர் வாங்கிக் குடித்தாள்.

ஆடி மாசம் முழுக்க யுவராணி அம்மா வீட்டில் இருந்தாள். வேகமாக நடக்கிற பெண், இப்போது தளும்பத் தளும்பத் தண்ணீர்க்குடம் எடுத்து வருகிறவள் மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தாள். குனிய மாட்டாள், சட்டென்று திரும்ப மாட்டாள், யாராவது சிரிக்க வைத்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவாள். அவள் நடக்கையில் கலீர் கலீரென்று மெல்லிசாக ஒரு சத்தம் கேட்கும். கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் வளையல் போடக் கூடாது என்று வெறுங்கையோடு திரிந்த பெண், இப்போது கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு வீட்டில் நடமாடுகிறாளே என்று பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், தேசம்மாள் பூரித்துப்போனாள். வெள்ளிக்கிழமை அவசரமாகத் தோளிலும் இடுப்பிலும் மட்டும் கை வைத்துப் பார்த்தாள், வழுக்கிக்கொண்டு போயிற்று. ஆடியில் முகூர்த்தம் இல்லாமல் கடை காலியாகத்தான் கிடந்தது, ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை, பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

ஆவணி பிறந்து அழைத்துப்போக மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, கற்பகவல்லி தட்டில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். யுவராணி அம்மாவைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நான் போகல. இங்கயே இருந்துடறேன். பாத்திரம் தேய்க்கறேன், அண்டா தூக்கறேன், ஒனக்குப் பாரமா இருக்க மாட்டேன்."

"அடிச்சாங்களா?"

"அடிச்சதெல்லாம் பெருசு இல்லம்மா."

"பின்ன இன்னா?"

யுவராணி சொல்ல வாயெடுத்தாள். சொல்லுவதற்கு அவளுக்குப் பழக்கமில்லை; இத்தனை வருஷமும் அவளுடைய கரைதான் அவளுக்காகச் சொல்லியிருந்தது. கடைசியில், "உள்ள இன்னாவோ ஆயிப்போச்சும்மா" என்று மட்டும் சொன்னாள்.

தேசம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். காதுக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து ஓட்டினாள், கழுத்து, தோள், முழங்கை, விலா, இடுப்பு என்று மெதுவாக, உண்மையாகவே தேடிக்கொண்டு ஓட்டினாள். ஒரு பள்ளம் கிடைத்திருந்தால் போதும், ஒரு பயறு அளவுக்குக் கிடைத்திருந்தால் போதும், கதவைத் திறந்துகொண்டு போய் அந்தப் பூத்தட்டைத் தெருவில் வீசியிருப்பாள், அவர்கள் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பாள், தேசம்மாளுக்கு அந்தத் தைரியம் உண்டு. விரல் எங்கேயும் இறங்கவில்லை. இதமாக இருந்தது. மகள் நன்றாக இருக்கிறாள் என்று அந்த இதம் அவளுக்குச் சொல்லிற்று.

"ஒரு கீறல்கூட இல்லையேடி. இன்னான்னு சொல்லி நான் நிறுத்தறது? யாரு நம்புவாங்க? நாலு மாசம் போனா சரியாயிடும், போ."

யுவராணி தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடந்துபோய் வண்டியில் ஏறினாள். கலீரென்ற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

புரட்டாசி முதல் சனிக்கிழமை காலையில் செய்தி வந்தது. கோலம் போட்டு முடித்து நிமிர்ந்தவள் வாசலிலேயே உட்கார்ந்தாளாம், உட்கார்ந்தவள் சாய்ந்தாளாம், அவ்வளவுதான். தேசம்மாள் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலையிலிருந்து கால்வரை அவளைச் சுற்றிக் கரை அப்படியே, ஷெட்டிலிருந்து இப்போதுதான் வெளியே வந்ததுபோல, நெளிவு சுளிவு இல்லாமல் இருந்தது. குளிப்பாட்டுவதற்காக நாலு பெண்கள் பிடித்துத் தூக்கினார்கள். தூக்கியதும் அவளுக்குள்ளே தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குக் கண்ணாடிச் சில்லுகள் சரிந்து உருளும் சத்தம் கேட்டது, கலீர் என்று, கூடமே அடங்கிப்போகும்படி கேட்டது. தேசம்மாளுக்கு அந்தச் சத்தம் தெரியும். மகளின் கையைப் பார்த்தாள், மணிக்கட்டில் வளையல் இல்லை, போட்டுக் கழற்றின தடம்கூட இல்லை. ஆடி மாசம் முழுக்கத் தன் வீட்டில், தன் காதில், தன் மகள் நொறுங்கிக்கொண்டு நடந்ததைத்தான் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவியிருக்கிறாள் என்பது அப்போது அவளுக்குத் தெரிந்தது. அவள் போட்ட சத்தத்தில் தெருநாய்கள் ஓடின என்று காஞ்சிபுரத்தில் சொல்கிறார்கள்.

யாரோ சொல்லி இன்ஸ்பெக்டர் வந்தார். குனிந்து, தோளோரத்தில் விரல் ஓட்டிப் பார்த்தார், இடுப்பருகில் ஓட்டிப் பார்த்தார், வெளிக்காயம் எதுவும் இல்லை என்றார். தணிகைவேல் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவன் அழுகை பொய்யில்லை, அதுதான் கொடுமை. "பாருங்க சார், ஒரு சொட்டை இருக்குதா? நாங்க அவளை எப்படி வெச்சிருந்தோம்னு பாருங்க" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான், அவன் சொன்னதை அவனே நம்பினான், வந்திருந்த எல்லாரும் நம்பினார்கள்.

சுடுகாட்டில் எல்லாம் சாம்பலானபிறகும் கரை மட்டும் உருகாமல், ஒரு பெண் படுத்திருந்த வடிவத்தில், காலியாகக் கிடந்தது. வெட்டியான் அதைத் தண்ணீர் விட்டு ஆற்றி, துணியில் சுற்றித் தேசம்மாளிடம் கொடுத்தான். கடைச் சுவரில் அதை அவள் சாத்தி வைத்ததும் ஊர் பார்க்க வந்தது. நெருப்புக்கே அசையவில்லை பாரேன் என்றார்கள். என்ன வழவழப்பு, என்ன கனமில்லாமை என்றார்கள். வாயில் கையை வைத்துக்கொண்டு, அலுமினியமாக இருந்திருந்தால் ஒரு சொட்டுகூட மிஞ்சியிருக்காது என்று சொல்லிக்கொண்டு போனார்கள். டைட்டானியம் ஷெட்டுக்கு ஆள் சிபாரிசு கேட்டு சூப்பர்வைசர் வீட்டு வாசலில் அந்த வாரம் செருப்பு வைக்க இடமில்லை.

கருமாதி முடிந்த பிறகு பக்கத்துத் தெரு கன்னியம்மா, மகள் மேகலாவையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். துக்கம் கேட்டாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தாள்.

"சூப்பர்வைசர் ஒங்க பேச்சைக் கேப்பாருக்கா. இவளுக்கு ஒரு வார்த்த சொல்லுங்க. தோளு பூரா சொட்டை. வர்றவன்லாம் பாத்துட்டுப் போறான்."

தேசம்மாள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். மேகலா துப்பட்டாவை இழுத்து இழுத்துத் தோளை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இங்க வா" என்றாள் தேசம்மாள். "ஒரே ஒரு வாட்டி தொட்டுக்கறேன்."

துப்பட்டாவை விலக்கி, கட்டைவிரலை அந்தப் பெண்ணின் கரையில் வைத்து ஓட்டினாள். விரல் ஒரு பள்ளத்தில் இறங்கிற்று. அங்கேயே நின்றுவிட்டது. "இது யாருடி சொன்னது?" என்று கேட்டாள், மேகலா உதட்டைக் கடித்தாள், கண் நிறைந்துவிட்டது. தேசம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு, அந்தப் பள்ளத்தின்மேல் கன்னத்தை வைத்து, மகளைச் சுடுகாட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து வராத அழுகையெல்லாம் அழுதாள்.

"மாத்தாதே கன்னியம்மா. ஒன் காலைப் புடிச்சுக்கறேன், இதை மாத்தாதே. இது நசுங்கறதால்தான்டி இவ உசுரோட நிக்கறா. என் பொண்ணு உள்ளயே ஒடைஞ்சு ஒடைஞ்சு செத்தா. எனக்குத் தெரியாமப் போச்சு. எங்கிட்ட வந்து சொன்னா, நான் தொட்டுப் பாத்துட்டு அனுப்பி வுட்டுட்டேன்."

கன்னியம்மா பெருமூச்சு விட்டாள். மகளை அந்தப் பிடியிலிருந்து மெல்ல விடுவித்து, துப்பட்டாவைச் சரிசெய்தாள். அவள் குரலில் கோபமோ கேலியோ இல்லை.

"உள்ள எல்லாருக்கும் ஒடையத்தான் செய்யுதுக்கா. ஒங்களுக்கு எனக்கு எல்லாம் ஒடையலியா? வெளிய தெரியாம இருந்தாப் போதும்."

தேசம்மாள் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வேறு யாரோ சொன்னார்கள். திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் வந்து நின்றபோது, டைட்டானியம் ஷெட்டுக்குப் போகிற பெண்களோடு மேகலாவும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கன்னியம்மா கீழே நின்று, பஸ் திரும்பி மறைகிறவரைக்கும் சந்தோஷமாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.